டயர் எண்ணெய்க்காரரை விவசாயி ஆக்கிய படிவம்

1

இந்த நாட்டில் வாசல் கதவின் துவாரம் வழியாகக் கடிதம் விழும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். நீல உறை என்றால் வரி. வெள்ளை உறை என்றால் எந்த அலுவலகம் என்று பிரித்தால்தான் தெரியும். ஊரில் இருக்கும் நீங்கள் தாலுகா ஆபீசைத் திட்டும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அங்கே ஒரு மனிதரைப் பார்த்துக் கெஞ்சவாவது முடியும். இங்கே காகிதத்திடம் யார் போய்க் கெஞ்சுவது?

நாங்கள் நெதர்லாந்துக்கு வந்து பதினோரு வருடம் நிறைந்த அன்று அப்படி ஒரு வெள்ளை உறை வந்தது. நான் கேசரி கிண்டிக்கொண்டிருந்தேன். பதின்மூன்று வயது மகள் நான்சி பிரித்துப் படித்தாள். வேலையிடத்து டச்சு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அரசாங்க டச்சு வந்தால் மகள்தான் எனக்கு வாத்தியார்.

"அம்மா, நைனா பார்மரா?" என்று கேட்டாள்.

அப்பாவை நைனா என்று கூப்பிடுவது எங்கள் ஆந்திர எல்லைப் பக்கத்து வழக்கம். அவளிடம் எங்கள் ஊரிலிருந்து ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரே சொல் அதுதான். மற்றபடி கோபம், கனவு, கணக்கு எல்லாம் அவளுக்கு டச்சில்தான்.

கடிதத்தின் சாரம் இதுதான். என் கணவர் சாமு, நான் வேலை பார்க்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் பயிற்சி ஆபரேட்டர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். துறைமுகப் பகுதியில் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்குப் பழைய விவரங்களைச் சரிபார்ப்பார்கள். விண்ணப்பத்தில் அவர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் டயரிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆலையில் எட்டு வருடம் வேலை பார்த்ததாக எழுதியிருந்தார். பதினோரு வருடத்துக்கு முந்தைய குடியேற்றப் படிவத்திலோ அவர் விவசாயி. எது உண்மை? விவசாயி என்றால் நிலத்தின் ஆவணம் தருக. ஆலை என்றால் வேலை பார்த்ததற்கான சான்று தருக. பதினான்கு நாள் அவகாசம். தவறினால் விண்ணப்பம் தள்ளுபடி.

கேசரி அடிப்பிடித்துவிட்டது. அந்தப் படிவத்தை எழுதியது நான்தான். சாமுவுக்கு அது தெரியாது.

2

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி புரியாது.

கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தால் பெட்ரோல் வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். வரும், கொஞ்சம். அடியில் பிசுபிசுவென்று ஒரு கனமான எண்ணெய் நிறைய மிஞ்சும். அதன் மூலக்கூறுகள் நீள நீளமானவை. எந்த வண்டியும் அதில் ஓடாது. அவற்றை உடைக்க வேண்டும். அந்த உடைக்கும் யூனிட்டில்தான் எனக்கு வேலை. கட்டுப்பாட்டு அறையில் ஆறு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன்.

உடைக்கும் வேலையைச் செய்வது கேட்டலிஸ்ட் என்ற ஒரு தூள். முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி இருக்கும். எழுநூறு டிகிரி சூட்டில் அந்தத் தூள் செங்குத்தான ஒரு குழாயின் அடிக்கு வந்து சேர்கிறது. அங்கே எண்ணெயைப் பீய்ச்சுகிறோம். பட்ட மாத்திரத்தில் எண்ணெய் ஆவியாகி, தூளையும் அள்ளிக்கொண்டு மேலே பாய்கிறது. உச்சிக்குப் போக இரண்டு மூன்று விநாடிதான். அதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. கீழே தார் மாதிரி நுழைந்தது, மேலே சமையல் வாயுவாகவும் பெட்ரோலாகவும் டீசலாகவும் பிரிந்து போகத் தயாராக நிற்கிறது. நீங்கள் ஒரு தும்மல் போடும் நேரம்.

இதைவிட எனக்குப் பெரிய அதிசயம் அதற்கு அப்புறம் நடப்பது. உடைக்கும்போது தூளின் மேல் கரி படிந்து, தூள் கறுத்துச் செயலற்றுப் போகிறது. கறுத்த தூள் தண்ணீர் மாதிரி வழிந்து பக்கத்துக் கலனுக்குப் போகும். அங்கே காற்றை ஊதி அந்தக் கரியை எரிக்கிறோம். தூள் வெளுத்து, சூடேறி, மறுபடி குழாயடிக்கு வருகிறது. அந்தச் சூட்டில்தான் அடுத்த எண்ணெய் உடைகிறது. ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் வெளியிலிருந்து நெருப்பு வைக்க வேண்டியதே இல்லை. தன் அழுக்கை எரித்துத் தன் சூட்டைத் தானே சம்பாதித்துக்கொள்கிறது. இதை முதன்முதலில் கண்டுபிடித்தவர்களுக்கு அன்றைக்குத் தூக்கம் வந்திருக்குமா என்று யோசித்திருக்கிறேன்.

பக்கத்து யூனிட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் மூலக்கூறுகளை வளைத்து வளையமாக்குகிறார்கள். இன்னொன்றில், வாயுவாகப் பறந்துவிடும் குட்டி மூலக்கூறுகளைப் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டித் திரவமாக்குகிறார்கள். உடைப்பது, வளைப்பது, ஒட்டுவது, இவ்வளவுதான் தொழில். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் படைப்பைப் பற்றி வாசிக்கும்போது எனக்கு இந்தக் குழாய்தான் ஞாபகம் வரும். கர்த்தர் மன்னிப்பாராக.

3

இந்த அதிசயத்தை நான் முதலில் அறிந்தது கல்லூரியில் அல்ல.

பி.டெக் மூன்றாம் வருடம் எல்லோரும் ஏதாவது ஓர் ஆலைக்குப் போய் ஒரு மாதம் பயிற்சி எடுக்க வேண்டும். கூடப் படித்தவர்களுக்கு மாமா, சித்தப்பா என்று யாராவது சிபாரிசுக்கு இருந்தார்கள். எனக்கு யார்? கடைசியில் ஷேர் ஆட்டோவில் கவரைப்பேட்டைக்கு அந்தப் பக்கம் போய், ஒரு டயர் எண்ணெய் ஷெட்டின் முதலாளியிடம் கையெழுத்துக்கு நின்றேன். "கையெழுத்து இப்பவே போட்டுத் தரேம்மா, வராதே, உடம்பு கெட்டுடும்" என்றார். நான் பிடிவாதமாகப் போனேன்.

தண்ணீர் லாரியின் டேங்க் அளவு ஓர் இரும்பு டிரம் படுத்தவாக்கில் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. உள்ளே டயர்கள், அடியில் விறகுத் தீ. டிரம் ஆபரேட்டர் என்று காட்டப்பட்டவருக்கு உடம்பெல்லாம் கரி. கண்ணும் பல்லும் மட்டும்தான் தெரிந்தன.

"இன்னா மேடம், பாக்கணுமா? துப்பட்டாவ மூக்குல கட்டிக்கினு வாங்க" என்றார் அந்தப் பல்.

குழாயின் நடுவே ஒரு சின்னக் கண்ணாடி. அதற்குப் பின்னால் தேன் நிறத்தில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

"டயரு மேடம். போன வாரம் ஐவே ரோட்டுல லாரிக்கு அடில ஓடிக்கினு இருந்த டயரு. இப்ப எண்ணெயா ஓடுது பாருங்க."

நான் பார்த்தேன். பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன், நூற்றுக்கு எண்பது வாங்கியிருந்தேன், ஆனால் அன்றுதான் அது உண்மை என்று தெரிந்தது. பிறகு அவர் அடுப்பைக் காட்டினார். பாதி விறகு வெளியே இழுத்துப் போடப்பட்டிருந்தது.

"எண்ணெயா ஆவாத கேஸு கொஞ்சம் கீது இல்ல, அத அடுப்புக்கே திருப்பி உட்டுடுவோம். அது வந்துட்டா வெறகு வேணாம். அதுவே அத வேக வெச்சிக்கும்."

எனக்குப் புல்லரித்தது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு மாதம் இருமலோடு போய் வந்தேன். இரண்டு வருடம் கழித்து அவரையே கல்யாணம் செய்துகொண்டேன். "பி.டெக் படிச்சிட்டு ஒரு கரி மூட்டையப் புடிச்சிக்கினு வந்து நிக்கிறியே" என்று என் அம்மா மாரில் அடித்துக்கொண்டார். கல்யாணத்தன்று சாமுவின் நகக்கண்ணில் இருந்த கருப்பு எந்த சோப்புக்கும் போகவில்லை. புகைப்படத்தில் அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். அப்படி நிற்கச் சொன்னது நான்.

4

அப்புறம் எனக்குச் சென்னைக்கு வடக்கே ஓர் ஆலையில் வேலை, அதிலிருந்து இந்த நாட்டுக்கு அழைப்பு. விசாப் படிவத்தை நிரப்ப கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். சாமுவால் டிரம்மை விட்டு வர முடியாது என்று தனியாகப் போயிருந்தேன்.

"சாருக்கு இன்னா வேல, அக்கா?" என்று கேட்டார் தட்டச்சு செய்தவர்.

எனக்குப் பின்னால் நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். டயர் கொளுத்துகிற ஷெட்டில் வேலை என்று வாயில் வரவில்லை. அந்த ஷெட்டுக்கு ஒழுங்கான உரிமம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை என்பதெல்லாம் நான் அப்புறம் எனக்கே சொல்லிக்கொண்ட சமாதானம். "அக்ரிகல்ச்சர்னு போட்டுடுங்க" என்றேன்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. பள்ளிக்கூடத்தில் அப்பன் தொழில் கேட்டால் முக்கால்வாசிப் பிள்ளைகள் இதைத்தான் சொல்லும். சொந்த நிலம் இருக்கிறவன் சொன்னால் அது விவரம். எங்களை மாதிரி வீடுகளில் அது ஆசை. சாமுவின் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். நிலத்துக்காரர் அதை விற்றார். அந்த இடத்தில்தான் அந்த ஷெட் வந்தது. அப்பா நாற்று நட்ட இடத்தில் மகன் டயரை வேகவைத்தார். அந்த மண்ணில் அவர்களுக்கு ஒரு சென்ட் கிடையாது. நான் ஒரே வார்த்தையில் அவரை நிலச்சுவான்தார் ஆக்கிவிட்டேன். இன்றைக்கு வெள்ளைக்காரன் பட்டா கேட்கிறான்.

5

சாமு வேலை முடிந்து வந்தார். பதினோரு வருடமாக அவருக்குக் கண்ணாடி வீட்டில் வேலை. மைல் கணக்கில் கண்ணாடிக் கூரை போட்டு, உள்ளே குடைமிளகாய் வளர்ப்பார்கள். கோடையில் அதற்குள் நிற்பது டிரம் பக்கத்தில் நிற்பதற்குக் கொஞ்சம்தான் குறைச்சல்.

நான்சி கடிதத்தைத் தன் அரைகுறைத் தமிழில் அவருக்குச் சொன்னாள். அவர் காலணியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"விவசாயின்னு யாரு எழுதனது?"

"நான்தான்."

நிமிர்ந்து பார்த்தார். எதையோ கணக்குப் போடுவது தெரிந்தது.

"அதானா? வேலை குடுக்கற ஆபீஸுக்குப் போவ சொல்ல எல்லாம் கம்ப்யூட்டரப் பாத்துட்டு நேரா குடமொளகா தோட்டத்துக்கே அனுப்புவானுங்களே. நான் எனக்கு மூஞ்சி அப்படி கீது போலன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அப்புறம் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"பதினோரு வருசம்மா" என்றார். அவ்வளவுதான். போய்க் கை கழுவினார். வெகு நேரம் கழுவினார்.

என்னை அவர் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. நான் வாயால் சொன்ன பொய் அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உண்மையிலேயே விவசாயக் கூலியாக்கிவிட்டது. எந்த வேலையிலிருந்து அவர் அப்பா அம்மா வெளியே வரப் பாடுபட்டார்களோ, கடல் தாண்டி அதற்குள்ளேயே அவரைத் தள்ளியிருக்கிறேன். இந்த வேலை கிடைத்தால் ஒழிய அதிலிருந்து அவருக்கு விடுதலை இல்லை. வயது நாற்பத்தாறு. பயிற்சிக்கு எடுக்கும் கடைசி வயதை அவர் எட்டிக்கொண்டிருந்தார்.

6

ஆர்.கே.பேட்டையில் இருக்கும் என் சித்தி மகனிடம் போனில் அழுதேன். அவன் பதறவே இல்லை.

"இதுக்கா அக்கா பேஜாரு? ரெண்டு நாளு டைம் குடு. மாமா பேர்ல ஒரு ஏக்கருக்குப் பட்டா ரெடி பண்ணி அனுப்பிடறேன். டப்பு மட்டும் கொஞ்சம் செலவாவும்."

ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன். சாமு பக்கத்தில் வந்து நின்றார்.

"மாப்ள, எனக்கு நெலம் வேணாம். எனக்கு டிரம்மு போதும்" என்று சொல்லி, போனை அணைத்துவிட்டார்.

ஆனால் டிரம்முக்குச் சான்று ஏது? ஷெட்டை எப்போதோ மூடிவிட்டார்கள். முதலாளி எங்கே என்று யாருக்கும் தெரியாது. இருந்த ஒரே வழி, பொய் எழுதியவள் நான், காரணம் இது என்று கைப்பட எழுதிக் கொடுப்பது. எழுதினேன். மூன்று முறை கிழித்துப் போட்டேன். உரிமம், சம்பளச் சீட்டு என்று சுற்றி வளைத்த காரணங்கள் எல்லாம் போய், கடைசியில் நான்கு வரி மிஞ்சியது. நான்சியிடம் டச்சைத் திருத்தக் கொடுத்தேன். அவள் திருத்திவிட்டு, யாரும் கேட்காமலே, அதை அவள் அப்பாவுக்குத் தமிழில் படித்தாள்.

"நைனா, அம்மா எழுதுறாங்க. என் ஹஸ்பண்ட் நல்ல வேலை செஞ்சார். அது கருப்பு வேலை. எனக்கு வெக்கமா இருந்துச்சு. தப்பு அவர்து இல்ல."

வெட்கம் என்ற சொல் அவளுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தமிழே போய்விட்டது என்று நான் உங்களிடமெல்லாம் புலம்பியிருக்கிறேன். வேண்டிய நேரத்துக்கு வேண்டிய சொல் அவளிடம் இருந்தது.

சாமு என்னைப் பார்த்துச் சொன்னார். "எனக்குக் கோவமெல்லாம் இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உன் வேலைல கூட கீறவங்களுக்கு நான் யாருன்னு தெரியுமா?"

தெரியாது. என் வீட்டுக்காரர் ஊரில் விவசாயம் பார்த்தவர் என்றுதான் அங்கேயும் சொல்லி வைத்திருந்தேன். கடிதத்தை மடித்து உறையில் போட்டேன். அவரும் மறுபடி கேட்கவில்லை. ஒரே வீட்டில் சாப்பிட்டு, ஒரே வீட்டில் தூங்கி எழுந்து, அந்தக் கேள்வியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம்.

7

கடிதத்தைப் படித்துவிட்டு, ஆலையின் பாதுகாப்புப் பிரிவுக்கு அவரை நேரில் வரச் சொன்னார்கள். நான் அங்கே வேலை பார்ப்பதால் உடன் போகக் கூடாது. போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். சாமு வாயைத் திறந்ததும் அந்த மனிதர் திணறிவிட்டாராம். "அண்ணை, கொஞ்சம் ஆறுதலாக் கதையுங்கோ, நீங்கள் சொல்லுறது எனக்கு விளங்கேல்லை" என்று கெஞ்ச, இவர் செய்தி வாசிப்பவர் மாதிரி எழுத்துத் தமிழில் பேச வேண்டியதாகிவிட்டது. இதை வீட்டில் நடித்துக் காட்டியபோதுதான் பல நாள் கழித்து மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தோம்.

எதிரில் இருந்தவர்கள் பாதுகாப்பு அதிகாரியான ஓர் அம்மாவும், எங்கள் யூனிட்டின் மூத்த ஆபரேட்டர் ஹென்க்கும். ஹென்க் நீளமாக எதுவும் கேட்கவில்லையாம். ஒரு காகிதத்தைத் தள்ளி, "டிரம்மை வரையுங்கள்" என்றார். சாமு வரைந்தார். டிரம், குளிர்விக்கும் குழாய்கள், எண்ணெய்த் தொட்டி, அடுப்புக்குத் திரும்பும் வாயு, நெருப்பு பின்வாங்கி உள்ளே போகாமலிருக்க நடுவில் தண்ணீர்ப் பானை.

"கதவை எப்போது திறப்பீர்கள்?" என்றார் ஹென்க்.

"மணியப் பாத்துத் திறக்க மாட்டோம்னு சொன்னேன்" என்றார் சாமு என்னிடம். "பானைல முட்டை முட்டையா கேஸு வருமே, அது நின்னு போனாக்கூட அன்னிக்குத் தொடக் கூடாது. மறுநாளு காலைல கைய வெச்சா தாங்கணும். அப்பவும் போல்ட்ட லூஸ் பண்ணி ஒரு வெரல் அளவுதான் தொறக்கணும். எதிர்ல நிக்கக் கூடாது, சைடுல நிக்கணும். உள்ள கீற கரிக்குக் காத்து பட்டா குப்புனு புடிச்சிக்கும். ஒரு தபா அவசரப்பட்டுத் தொறந்தேன். புருவம் போச்சின்னு சொன்னேன்."

அவருடைய இடது புருவத்தில் பாதி இல்லை. நான் அதைச் சின்ன வயதில் விழுந்த காயம் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஹென்க் எழுந்து வந்து அந்தப் புருவத்தைக் கிட்டத்தில் பார்த்தாராம். பிறகு தன் சட்டையின் முழுக்கையை மடித்து, முன்னங்கையில் இருந்த பழைய தீத்தழும்பைக் காட்டினாராம். அந்த அதிகாரி அம்மாவிடம், "இவர் அங்கே நின்றவர்தான். எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்.

குடியேற்ற அலுவலகம் எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. படிவத்தில் திருத்தம் செய்தார்கள். சாமுவுக்கு வேலை கிடைத்தது.

8

கணவனும் மனைவியும் ஒரே ஷிப்டில் இருக்கக் கூடாது என்பது ஆலையின் விதி. ஆனால் பயிற்சியின் மூன்றாவது வாரம், புதியவர்கள் ஒன்பது பேரையும் கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்து வந்தார்கள். அன்று காலை ஷிப்ட் என்னுடையது. திரையைக் காட்டி விளக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கடைசி வரிசையில் சாமு, புதுத் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு, என்னை யாரோ மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். வேலையிடத்தில் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவராகவே அப்படி இருந்தார்.

குழாய், தூள், மூன்று விநாடி, கரி எரிவது எல்லாம் சொல்லி முடித்தேன். என் கூட வேலை செய்கிறவர்களும் அவரவர் நாற்காலியில் இருந்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண், என் மகளைவிடப் பத்து வயது மூத்தவளாக இருப்பாள், கையைத் தூக்கினாள்.

"இது உடைவதை நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா?"

எல்லாம் இரும்புக்குள் நடக்கிறது, இங்கே யாரும் பார்க்க முடியாது, நாம் எண்களைத்தான் பார்க்கிறோம் என்று பதில் சொல்லலாம். அது சரியான பதில்தான். வாயெடுத்தேன். அதற்குள் சாமுவின் கண்கள் என் மேலிருந்து இறங்கி அவருடைய கைகளுக்குப் போய்விட்டன.

"பார்த்திருக்கிறேன்" என்றேன். "இந்த ஆலையில் இல்லை. இந்தியாவில், என் ஊருக்குப் பக்கத்தில், பழைய டயரை எண்ணெய் ஆக்கும் ஒரு ஷெட்டில். அதை எனக்குக் காட்டியவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். எட்டு வருடம் டிரம் ஆபரேட்டராக இருந்தவர். இந்தத் தொழிலுக்கு எனக்கு முன்னால் வந்தவர். என் கணவர்."

டச்சில்தான் சொன்னேன், ஆனால் குரல் எங்கள் ஊர்க் குரலாக வந்தது. என் பக்கத்து நாற்காலிக்காரர் திரையை விட்டுத் திரும்பி, விவசாயம் பார்த்தவர் என்று சொன்னாயே என்பது போல என்னைப் பார்த்தார். பார்க்கட்டும்.

எல்லோரும் பின்னால் திரும்பினார்கள். அந்தப் பெண் அவரிடமே கேட்டாள், எப்படி இருக்கும் என்று.

சாமு எழுந்து நின்றார். கைகளைப் பின்னால் கொண்டுபோனார், பிறகு முன்னால் கொண்டுவந்தார். குடைமிளகாய்த் தோட்டத்தில் கற்ற டச்சில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"முதலில் எண்ணெய் வராது. முதலில் தண்ணீர் வரும். டயருக்குள் மழை இருக்கிறது. அது எல்லாம் போன பிறகுதான் எண்ணெய் வரும். அது வரைக்கும் பொறுமையாக இருக்க வேண்டும்."

ஒன்பது பேரில் எட்டுப் பேர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். நான் அந்த ஷெட்டுக்கு எப்போதும் மத்தியானத்துக்கு மேல்தான் போவேன். எண்ணெய் ஓடத் தொடங்கிய பிறகு. தண்ணீர் வருவது எனக்குத் தெரியாது. ஷிப்ட் நோட்டை இழுத்து, நானும் எழுதிக்கொண்டேன்.